மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி: பள்ளி மூடியிருக்கும்போது யாருக்கு எந்த வழிக் கல்வி?

2020 மார்ச் மாத நடுவில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 ஜனவரி 19 முதலும், ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பினர் பிப்ரவரி 8 முதலும் சில வாரங்கள் பள்ளிக்குப் போய்வந்தார்கள். இரண்டாம் அலை அதையும் நிறுத்தியது. இந்தக் காலம் முழுவதும் இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று நிறையவே பேசினோம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு கருவி, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை என்ற கணக்கை வைத்தே அந்தப் பேச்சு பெரும்பாலும் நடந்தது. இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேள்வியே வேறு. இருக்கிற ஒரு கைப்பேசியை, ஒரு தொலைக்காட்சியை, சமையலுக்கும் வேலைக்கும் போக மிஞ்சுகிற அம்மாவின் ஒன்றிரண்டு மணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அங்கே தீர்மானிக்க வேண்டியது.

எங்களுடையது திண்டுக்கல்லில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. 2020 ஜூனில் மூத்த மகள் பத்தாம் வகுப்புக்கும், மகன் ஏழாம் வகுப்புக்கும், சின்னவள் ஒன்றாம் வகுப்புக்கும் வந்திருந்தார்கள். பின்னர் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராகத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, எங்கள் வீட்டில் நடந்தது கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் நடந்திருப்பதைப் பார்த்தேன். எனவே அன்று கைக்கு எட்டிய வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எது எந்த அளவுக்குப் பயன்படும் என்று எழுதிவைக்க விரும்புகிறேன். இது பழங்கதை அல்ல. 2022 ஜனவரியில் மூன்றாம் அலையின்போது பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டு பிப்ரவரி 1 அன்றுதான் திறந்தன. 2023 டிசம்பரில் சென்னையிலும், அடுத்து நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளத்தால் வகுப்புகள் நின்றன. பள்ளி மூடப்படும் நாளன்று காலையில் யோசிக்கத் தொடங்கினால், வீட்டில் யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்கள் கைக்கே கைப்பேசி போய்ச் சேரும்.

நேரலை வகுப்பு

தனியார் பள்ளிகள் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொண்டன. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ நெறிமுறைகள் இதற்கு ஓர் எல்லை வகுத்தன: மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அதே அளவில் நான்கு வகுப்புகள். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது அளவான ஏற்பாடுதான். எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பத்தாம் வகுப்புக்கு நான்கு, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு என்று ஒரு நாளைக்கு எட்டு வகுப்புகள் வருகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாலே நான்கு மணி நேரம் முதல் ஆறு மணி நேரம் வரை ஆகும். எந்தப் பள்ளியும் அப்படி நமக்காக அடுக்கித் தருவதில்லை. எல்லாருக்கும் காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் வகுப்பு. ஒரே பள்ளியில் படிக்கும் அண்ணன் தங்கைக்கும் ஒரே நேரத்தில் இணைப்பு அனுப்புவார்கள், அதுவும் ஒரே எண்ணுக்கு.

டேட்டா கணக்கும் இதே போலத்தான். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு, செயலியையும் படத்தின் தரத்தையும் பொறுத்து அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் மூவரின் வகுப்பும் மதியத்தைத் தாண்டாது. அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் அவரோடு போகிற வீடுகளில் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

இத்தனை குறைகளையும் மீறி நேரலை வகுப்புக்கு ஒரு பலம் உண்டு. அது நேரடியாகக் கேட்டுத் தெளிகிற வாய்ப்பு. மூத்தவளுக்கு இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது, இரண்டாவது வரியில் குறி ஏன் மாறியது என்று மைக்கைத் திறந்து கேட்டாள். ஆசிரியை அந்த வரியை அழித்துவிட்டு வேறொரு கணக்கோடு மறுபடி போட்டுக் காட்டினார். பத்தாம் வகுப்புக் கணக்கிலும் அறிவியலிலும் இப்படி ஒரு நிமிடத்தில் தீரும் சந்தேகம், தீராமல் போனால் அடுத்த மூன்று பாடங்களுக்குக் கூடவே வரும். வயதில் மூத்த பிள்ளைக்கு, எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு, நேரலை வகுப்பு உண்மையிலேயே வகுப்புதான்.

சின்னவளின் நிலை இதற்கு நேர்மாறு. எவர்சில்வர் சம்படத்தில் சாய்த்துவைத்த கைப்பேசியில் சின்னச் சின்னக் கட்டங்களாக வகுப்பே தெரியும். அவள் பார்ப்பது தன் கட்டத்தை மட்டும். ஆசிரியை சொல்லும் முன்பே ‘அ... அணில், ஆ... ஆடு’ என்று உரக்கச் சொல்லிவிடுவாள். பார்க்கிற எவருக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்றே தோன்றும். ஒரு நாள் புத்தகத்தில் அணில் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் எழுத்தை மட்டும் காட்டிக் கேட்டேன். என் விரலை விலக்கப் பார்த்தாளே தவிர, எழுத்தைச் சொல்லவில்லை. அவள் அதுவரை படித்தது படத்தை, எழுத்தை அல்ல. நாற்பது பிள்ளைகளின் மைக்கை அணைத்துவைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியைக்கு இது தெரியவர வழியே இல்லை. பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள், எழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து சுழிக்கத் தொடங்குகிறாள் என்பதும் அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரலை வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பெரியவர் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தாமே சொல்லிக்கொடுப்பது பிள்ளைக்கு அதிகப் பயன் தரும். இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

வாட்ஸ்அப் பாடமும் கல்வித் தொலைக்காட்சியும்

நேரலை நடத்த வசதியில்லாத பள்ளிகள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவும், கரும்பலகையின் படமும், வீட்டுப்பாடமும் அனுப்பின. இதை நேரலையைவிடத் தாழ்ந்தது என்று பலரும் எண்ணினார்கள். பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: பாடம் நமக்காகக் காத்திருக்கும். இரவு ஏழு மணிக்கு அப்பா கைப்பேசியோடு வீடு திரும்பிய பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேட்கலாம். புரியாத இடத்தை மறுபடி ஓடவிடலாம். டேட்டாவும் குறைவாகவே செலவாகும். இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் குறி மட்டுமே திரும்பி வரும். எங்கே தவறு என்று யாரும் சொல்லாததால், குழுவில் முதலில் அனுப்பிய பிள்ளையின் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பிள்ளை எழுதியதைத் திருத்தித் திருப்பி அனுப்புகிற ஆசிரியர் அமைந்தால் மட்டும் இது நல்ல வழி. அப்படி அமைந்தவர்களும் இருந்தார்கள். சிவப்புப் பேனாவால் திருத்திய பக்கத்தை மறுபடி படமெடுத்து அனுப்பிய ஓர் ஆசிரியரை நான் அறிவேன்.

பள்ளிப் பாடங்களை ஒளிபரப்பும் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று, பெருந்தொற்று வருவதற்கு முன்பே தொடங்கப்பட்டுவிட்டது. அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் வந்த அந்த ஒளிபரப்பை, தனியார் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அரசுப் பள்ளிகளுக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டன. அது பெரிய இழப்பு; சமச்சீர் பாடத்திட்டத்தில் படிக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் பாடம் ஒன்றுதான். இதற்கு டேட்டா வேண்டாம். படம் பெரியது, கண்ணுக்கு நெருக்கமில்லாதது. வகுப்புக்கு இன்ன நேரம் என்று அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். தவறவிட்ட பாடத்தை யூடியூபில் தேடிப் பார்க்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. அக்காவின் பாடம் ஓடும்போது தம்பியும் கூடத்தில்தான் இருப்பான். ஏழாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்பு வரலாற்றை ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டில் கண்டேன். தனித்தனித் திரையில் இது நடக்காது.

ஆனால் அது ஒருவழிப் பாதை. சந்தேகம் கேட்க முடியாது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறானா, பார்த்தபடி வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறானா என்பதும் தெரியாது. அத்துடன், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தொலைக்காட்சி பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஊரடங்கில் வெளியே போக வழியில்லாத மாமியாருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அவர் பார்க்கும் நேரத்தையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய எங்கள் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வீட்டில் மனத்தாங்கல் குறைந்தது. பாடம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்து, பார்த்ததிலிருந்து மூன்று கேள்விகளைப் பிள்ளையே எழுத வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் ஒருவழிப் பாதையின் குறை ஓரளவு சரியாகும். நடுத்தர வகுப்புகளுக்கு, அதாவது நான்கு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மற்ற எந்த வழியைவிடவும் கல்வித் தொலைக்காட்சியும் பாடநூலும் சேர்ந்த வழியையே முதலில் பரிந்துரைப்பேன்.

புத்தகமும் அக்காவும்

கைப்பேசி இல்லாத வீடுகள் புத்தகத்தை வைத்தே சமாளித்தன. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறிகள் இருப்பதால், அவற்றைத் திக்‌ஷா என்னும் அரசுக் கல்விச் செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். ஒரு முறை யாருடைய கைப்பேசியையாவது வாங்கி, அந்த வாரத்துக்கு வேண்டியவற்றைத் தரவிறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொண்டால் தினசரி இணையம் தேவையில்லை. இந்த வசதி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாமல் போனது.

புத்தகத்தைத் திறந்துவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். 2020 செப்டம்பரில் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட ஏசர் என்னும் கல்வி நிலை ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்குப் பிள்ளைகள் வீட்டிலிருக்கும் யாராவது ஒருவரின் உதவியோடு படித்ததாகச் சொல்கிறது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் அந்த உதவி அண்ணன் அக்காவிடமிருந்தே வந்தது. பல பிள்ளைகள் உள்ள வீட்டின் உண்மையான வலிமை இதுதான். தனிப்பிள்ளை வீட்டில் இது கிடையாது. அக்கா சொல்லிக்கொடுக்கும்போது சின்னவள் பயமின்றித் தப்பாகச் சொல்வாள், மறுபடி கேட்பாள். தம்பிக்குப் பின்னக் கணக்கை விளக்க வேண்டி வந்ததால் தன் அடிப்படையும் உறுதிப்பட்டதாக மூத்தவளே சொன்னாள்.

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். இந்தப் பொறுப்பு அண்ணனைவிட அக்கா மீதே விழுந்தது. காலையில் பாத்திரம், நடுவில் தங்கைக்குப் பாடம், மாலையில் தம்பியின் வீட்டுப்பாடம் என்று நாள் முழுவதும் ஓடிய பெண் பிள்ளைகள், தங்கள் புத்தகத்தை எடுத்தது எல்லாரும் உறங்கிய பிறகுதான். எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பில் படித்த ஒரு பெண், மூன்று தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே ஓராண்டைக் கழித்தாள். அவளுடைய இயற்பியல் புத்தகம் புதிது போலவே இருந்தது. அக்கா சொல்லிக்கொடுப்பதற்கு நாளைக்கு அரை மணி நேரம் என்று எல்லை வைக்க வேண்டும், அந்த அரை மணிக்கு ஈடாக வீட்டு வேலையில் ஒன்றைக் குறைத்து அண்ணனிடமோ அப்பாவிடமோ கொடுக்க வேண்டும். இதைச் செய்ய முடியாத வீடு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தெருவில் ஓர் ஆள்

ஊரடங்கு தளர்ந்த மாதங்களில் பல தெருக்களில், படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் நாலைந்து பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வி, இதையே ஓர் அரசுத் திட்டமாக்கியது. மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்ற அளவில் அது அமைந்தது.

இதன் பயன் பற்றி நமக்கு நம்பகமான ஒரு சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் கற்றல் பெரிதும் பின்தங்கியிருந்தது. தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாத ஒருவர், ஒரு நாளில் ஒரு மணி நேரம், பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் வந்த பலன் இது. கணக்கில் இழப்பு அதிகமானதற்கு நான் காணும் காரணம் எளியது. தமிழ் வீட்டில் நாள் முழுவதும் காதில் விழும். வகுத்தலை யாரும் பேச்சுவாக்கில் கற்பதில்லை. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் வீட்டில் ஒதுக்கும் நேரத்தில் கணக்குக்குப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டும்.

நோய் உச்சத்தில் இருக்கும் வாரங்களில், முக்கியமாக வீட்டில் வயதானவர்கள் இருந்தால், தெருவில் பிள்ளைகளைக் கூட்டுவது சரியல்ல. 2021 மே மாதத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மழை வெள்ள விடுமுறையிலும், நோய் தணிந்த பிறகும் பள்ளி திறக்காமல் இழுத்துக்கொண்டே போகிற மாதங்களிலும் இதைவிட நல்ல வழி இல்லை.

பள்ளியை மாற்றுவது

கட்டணம் கட்ட முடியாத வீடுகள் அரசுப் பள்ளிக்கு மாறின. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பிறகும் வாங்கிக்கொள்ள இடைக்காலமாக அனுமதித்தது. மூன்று பிள்ளைகள் என்றால் அந்த 40 சதவீதமே கையில் இல்லாத தொகையாக இருந்தது. கட்டாத பிள்ளையை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிய பள்ளியும் உண்டு. அதை எங்கள் உறவினர் வீட்டில் நேரில் கண்டேன். பத்து வயதுப் பையன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மாற்றுவது என்றால் மூவரையும் ஒன்றாக மாற்ற வேண்டியதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. எனவே ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை மாற்றுவதில் தெளிவான ஆதாயம் உண்டு. எட்டாம் வகுப்பில் மாற்றினால் கட்டணம் மிஞ்சும், பெரும்பாலும் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பத்தாம் வகுப்பின் நடுவில் மாற்றுவதைக் கட்டணக் கட்டாயம் இருந்தால் மட்டும் செய்யலாம். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டமே அதைச் சொல்கிறது. பாக்கித் தொகைக்காகச் சான்றிதழை நிறுத்திவைத்ததும் பயந்துபோன பெற்றோருக்கு இது தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்.கே.ஜி. வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை ஒப்பீடே தேவையில்லை. அந்த ஆண்டு சேர்க்காமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் எதையும் இழக்கவில்லை.

யாருக்கு எதை

எங்களைப் போன்ற வீடுகளில் 2020இல் எடுக்கப்பட்ட முடிவு பெரும்பாலும் ஒன்றே: பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கே எல்லாம். கைப்பேசி அவளுக்கு, தனி அறை அவளுக்கு, அம்மாவின் கவனமும் அவளுக்கு. அந்தத் தேர்வுகளுக்கு என்ன ஆனது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 9 அன்று ரத்தானது. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் கைவிடப்பட்டது. தேர்வு வரவில்லை. அதே காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பில்தான் முதன்முறையாகத் தன் வகுப்பறைக்குள் நுழைந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து கூட்டத் தெரியவில்லை என்பதை என் மாலை வகுப்பில் கண்டேன். அவர்களுக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகவே தெரிந்தன, பலகையில் எழுதிய இரண்டெழுத்துச் சொல்லைக் காட்டினால் என் உதட்டைப் பார்த்தார்கள்.

மூத்த பிள்ளைக்குக் கைப்பேசி கொடுத்தது தவறென்று சொல்லமாட்டேன். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு பத்தாம் வகுப்பின் மீதுதான் நிற்கிறது, நேரலையை முழுமையாகப் பயன்படுத்தும் வயதும் அவளுடையதே. கைப்பேசியையும் ஆளையும் ஒரே பிள்ளைக்குக் கொடுப்பதுதான் சரியல்ல. நேரலை வகுப்பும் கைப்பேசியும் மூத்தவருக்குப் போகட்டும். பெரியவர் ஒருவரின் நேரம், அது அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ, நாளைக்கு ஒரு மணி நேரமாவது முழுதாகக் கடைசிப் பிள்ளைக்குப் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எழுத்து, வாசிப்பு, பத்துக்குள் கூட்டல் கழித்தல் என்று இருந்தால் போதும். பள்ளி அனுப்பிய வேலைத்தாள்கள் முடியாமல் கிடந்தால் கிடக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை நடுப்பிள்ளை மீது. தேர்வும் இல்லை, எழுதப் படிக்கவும் தெரியும் என்பதால் அவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டில் எல்லாரும் வேலையாக இருக்கும்போது கைப்பேசி சும்மா கிடக்கும் அரை மணி நேரம் அவனுடையது. ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது அந்த அரை மணிகளில்தான். அவனுக்குக் கல்வித் தொலைக்காட்சியையும் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, இரவு உணவுக்கு முன் அன்றைய கணக்கை நோட்டில் பார்க்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். விடை சரியா என்று பார்த்தால் போதாது. எப்படி வந்தது என்று ஒரு கணக்கையாவது சொல்லச் சொல்ல வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்பில் பின்னமும் தசமமும் விட்டுப்போனால் ஒன்பதாம் வகுப்பில்தான் அது வெளியே தெரியும். அப்போது திரும்பிப் போக நேரம் இருக்காது.

பணத்தைச் செலவிடும் வரிசையும் இதை ஒட்டியே அமைய வேண்டும். இரண்டாவது கைப்பேசிக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதற்கு முன் நல்ல இயர்போன் ஒன்று வாங்கலாம். ஒரே அறையில் ஒருவர் கேட்கும்போது மற்றவர் படிக்க அது வழிசெய்யும். அடுத்து மெமரி கார்டு. அதற்கும் மேல் பணம் இருந்தால், தெருவில் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுப்பது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுக் கருவியைவிடப் பலன் தரும். இரண்டு பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இரண்டாவது கருவி உண்மையான தேவை. அரசு கொடுத்த மடிக்கணினி அக்கம்பக்கத்தில் சும்மா இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளியிடமும் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். உடன்பிறந்தவர்கள் படிக்கிறார்கள் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்து, வகுப்பு நேரத்தை மாற்றவோ பதிவை அனுப்பவோ சொல்லலாம். வாரம் தொடங்கும்போதே பாடநூலின் எந்தப் பக்கங்கள் என்று ஒரு பட்டியல் கேட்கலாம்; அது இருந்தால் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளையும் பின்தங்காது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மட்டும், நேரலைக்குப் பதிலாக ஆசிரியை வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் சாதாரண அழைப்பில் பேசி, பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று விசாரிக்கலாம். இதற்கு இணையமோ விலை உயர்ந்த கைப்பேசியோ வேண்டாம். பட்டன் போன் போதும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் ஆசிரியைக்கு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை அவரது பணி நேரமாகக் கணக்கிட்டுக் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும்.